நாலு பேரில் நான் இல்லை

அனுப்புநர்:
காயலான் கடைக்காரன்,
சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
தில்லி.

பொருள்: மின்னணுக் கழிவு விதிகளில் எங்களைச் சேர்க்காமல் விட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 ஏப்ரல் 1 முதல் தாங்கள் நடைமுறைப்படுத்திவரும் விதிகளை என் மகள் படித்துச் சொன்னாள். பதிவு செய்ய வேண்டியவர்கள் நாலே வகையாம்: தயாரிப்பவர், தன் பெயர் போட்டு விற்பவர், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி ஆலைக்காரர். வீட்டு வாசலில் தராசோடு நிற்கிறவன் இதில் இல்லை. 2016 விதிகளில் சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்றாவது ஏதோ இருந்தது; அதையும் எடுத்துவிட்டீர்கள். விதியிலேயே இல்லாதவன் விதியை எப்படி மீறுவான்? மனம் லேசாகிவிட்டது. (சட்டம் அப்படிப் பேசாது என்கிறாள் மகள். படிக்க வைத்தால் இதுதான்.)

ஆள் குறைந்தாலும் சாமான் குறையவில்லை. பட்டியலில் 21 ஆக இருந்தது 106 ஆகிவிட்டது. டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் உண்டு. அத்தனையும் ஆயுள் முடிந்ததும் என் கடைக்குத்தான் வருகின்றன. கம்பெனிகளுக்கு 2025-26இல் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று மறுசுழற்சி இலக்கு இருக்கிறது. ஆனால் அதற்காகப் பழைய டிவியைத் தேடி யாரும் தெருத்தெருவாக அலைய வேண்டாம். தங்கள் இணையதளம் வழியாக ஆலைக்காரரிடம் மறுசுழற்சிச் சான்றிதழ் வாங்கினால் கணக்கு நேராகிவிடும். நான் சுமப்பது டிவி, அவர்கள் சுமப்பது பிடிஎஃப்.

அந்தச் சான்றிதழ்க் கணக்கு தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என்று ஓடுகிறது. அங்கேயும் நாலு பேர்தான்! ஈயமும் பாதரசமும் எங்களைப் போலவே வரிசைக்கு வெளியே நிற்கின்றன. நாங்களும் தங்கள் வழியில்தான் நடக்கிறோம் ஐயா. பழைய பெட்டி டிவி வந்தால் படக்குழாயின் கழுத்தில் இருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொள்வோம். ஈயம் கலந்த கண்ணாடியைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, இருட்டிய பிறகு ஏரிக்கரையில் கொட்டுவோம்.

சான்றிதழுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று தாங்கள் விலை வைத்ததும், பெரிய ஏசி, டிவி கம்பெனிகள் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. பாவம். என்னிடம் ஒரு அம்மா செத்துப்போன மிக்ஸிக்கு நூறு ரூபாய் கேட்டு அரை மணி நேரம் நகரவில்லை. நானும் ஒரு வக்கீலைப் பார்த்திருக்கலாம்.

இலக்கைத் தவறவிட்டவர்கள் கட்டும் சுற்றுச்சூழல் இழப்பீட்டிலும், பிற்பாடு கடமையை முடித்தால் ஒரு பங்கு திரும்ப வருமாமே. சீக்கிரம் முடித்தால் பெரிய பங்காம். ஹெல்மெட் போடாததற்கு நான் கட்டிய அபராதத்தை, மறுநாள் ஹெல்மெட்டோடு போய்க் கேட்டுப் பார்த்தேன். அந்தப் போலீஸ்காரர் தங்கள் விதிகளைப் படித்ததில்லை போலிருக்கிறது.

தங்கள் அலுவலகத்திலிருந்து சீலம்பூர் சில கிலோமீட்டர் தூரம்தான். எங்களிடமிருந்து போகும் பல ஊர் சர்க்யூட் போர்டுகள் அங்கே போய்ச் சேருகின்றன. இரும்புத் தகட்டை அடுப்பில் ஏற்றி அதில் போர்டை வைத்துச் சூடு காட்டுவார்கள். ஈயப்பற்று இளகியதும் ஐசி சில்லுகளைக் குறட்டால் பிடுங்கி, ரகம் பிரித்துப் போடுவார்கள். மிச்சப் போர்டு அமிலத்தொட்டிக்குள் போகும். கிளம்பும் புகையில் கண் எரியும், தொண்டை அடைக்கும். கழுவிய தண்ணீர் நேரே சாக்கடைக்கு. அங்கே கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. பிள்ளைகள் உண்டு. தாங்கள் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் காலாற அந்தப் பக்கம் போய் வரலாம். சான்றிதழ் எதுவும் கொண்டுபோக வேண்டாம், அங்கே யாரும் கேட்பதில்லை.

எங்களை ஐந்தாவது வகையாகச் சேர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. சேர்த்தால் ஆதார், ஜிஎஸ்டி, பாஸ்வேர்டு, மறந்துபோன பாஸ்வேர்டு என்று அது தனித் தொழிலாகிவிடும். சான்றிதழில் ‘தூக்கி வந்தவர்’ என்று ஒரு கட்டம் மட்டும் போடுங்கள். பக்கத்தில் ‘கொடுத்த கூலி’ என்று இன்னொன்று. கம்பெனிக்காரர்கள் நிரப்பட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் இல்லாத,
காயலான் கடைக்காரன்.

இணைப்பு: பெட்டி டிவி ஒன்று, கண்ணாடி உடைக்காமல். லாரியில் வருகிறது. இறக்குவதற்கு நாலு பேரை அங்கேயே ஏற்பாடு செய்துகொள்ளவும்.