சுள்ளிக்கல் களவியல்

தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே கொச்சியில் சுள்ளிக்கல் என்றொரு பகுதி. இடப்பெயரை ஆராயாமல் ஆய்வைத் தொடங்குவது மரபன்று. அகநானூறு 149ஆம் பாட்டில் சேரர் பேரியாற்றுக்குச் சுள்ளி என்று பெயர். யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறி அதில்தான் வருகிறது. சுள்ளி, சுள்ளிக்கல்: ஒலி ஒத்துப்போகிறது. இந்த ஒரு சான்று போதுமா என்று கேட்பவர்கள், இதில் பாதிச் சான்றை வைத்துக்கொண்டு கருத்தரங்கில் தேநீர் இடைவேளை வரை தாக்குப்பிடித்தவர்களைப் பார்த்ததில்லை.

ஆய்வுக் களம் அங்குள்ள ஒரு சுக்கு, மிளகு கோடவுன். ஓட்டுக்கூரைக்குக் கீழே உத்திரத்தில் ஆறு வைஃபை பெட்டிகளை மாட்டினேன். தொழிலில் இவற்றை ஏபி என்போம். ஏபிக்குத் தனி புத்தி குறைவு. எந்த அலைவரிசை, என்ன பாஸ்வேர்ட், யாரை உள்ளே விடலாம் என்பதையெல்லாம் கண்ட்ரோலர் என்ற தலைமைப் பெட்டி சொல்ல வேண்டும். அந்தத் தலைமையோ தோப்பும்படி அலுவலகத்தில் இருக்கிறது. பெட்டியிலிருந்து பிரித்து, கேபிள் செருகி, மின்சாரம் ஏறியதும் ஏபிக்கு முதல் வேலை தன் தலைமை எங்கே என்று தேடுவது. நான் மாட்டிய ஆறும் தேடின. பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை என்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தன. மணி மூன்றரை.

நெய்தல் திணை, எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். முதற்பொருளும் உரிப்பொருளும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய களத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஏணிக்கு மேலே நின்றபோதுதான் இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு எனக்கு வாய்த்தது. தலைவனும் தலைவியும் களவில் கூடுவதற்கு நம் அகப்பொருள் இலக்கணிகள் நான்கு வழி சொன்னார்கள்: இயற்கைப் புணர்ச்சி, இடந்தலைப்பாடு, பாங்கற்கூட்டம், பாங்கியிற்கூட்டம். ஏபி கண்ட்ரோலரைக் கண்டுபிடிக்கவும் வழி நான்கு. இது தற்செயல் என்று சொல்ல ஆய்வாளனுக்கு உரிமை கிடையாது.

முதல் வழி, ஊழ் கூட்டுவது. ஏபி தன் சப்நெட் முழுக்க, 255.255.255.255 என்ற முகவரிக்கு, 'இங்கே யாராவது தலைமை இருக்கிறீர்களா?' என்று கூவும். கண்ட்ரோலர் அதே சப்நெட்டில் இருந்தால் பதில் வரும். ஒரே தினைப்புனத்தில் இருவரும் எதிர்ப்பட்டால்தானே இயற்கைப் புணர்ச்சி? ரவுட்டர் என்ற மதிலை இந்தக் கூவல் தாண்டாது. சுள்ளிக்கல்லில் கூவினால் தோப்பும்படிக்குக் கேட்காது.

இரண்டாவது, நேற்றுச் சந்தித்த இடத்துக்கே இன்றும் போய் நிற்பது. முன்பு சேர்ந்திருந்த கண்ட்ரோலர்களின் முகவரிகளை ஏபி தன் நினைவில் எழுதி வைத்திருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. இடந்தலைப்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் உரையாசிரியர்களுக்கும் கிடைத்திருக்காது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஓர் அலுவலகத்தில் கழற்றி இன்னொன்றில் மாட்டிய பழைய ஏபி, புது வீட்டிலிருந்துகொண்டு பழையவளின் முகவரிக்கே தூது விடும். நினைவை அழித்துத்தான் குடியேற்ற வேண்டும். என்னுடையவை ஆறும் புதுசு. நினைவு என்று எதுவும் இல்லை.

நான்காவதை முதலில் முடித்துவிடுகிறேன். தோழி வழியாகக் கூடுவது: ஏபி டிஎன்எஸ்ஸிடம் போய் ஒரு பெயரைச் சொல்லி வழி கேட்கும். சிஸ்கோ ஏபி என்றால் 'சிஸ்கோ-கேப்வாப்-கண்ட்ரோலர்' என்று கேட்கும். தோழிக்கு அந்தப் பெயர் தெரிந்தால் இடம் காட்டுவாள். எங்கள் தோழியிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மிச்சம் பாங்கன். ஐபி முகவரி தரும் டிஎச்சிபி சர்வர், கையோடு 'தலைமை இந்த முகவரியில் இருக்கிறது' என்ற குறிப்பையும் தரலாம். ஆப்ஷன் 43 அந்தந்தக் கம்பெனியின் தனிவழக்கு. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5417 என்ற இணைய விதியேடு வகுத்த ஆப்ஷன் 138 பொதுவழக்கு. நாங்கள் தனிவழக்குக்காரர்கள். பாங்கனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் அடியேன். கண்ட்ரோலரின் முகவரி 10.10.20.5. இதைப் பதினாறடிமான எண்ணில் எழுத வேண்டும்: முன்னால் எஃப்1, பிறகு நீளம் 04, அப்புறம் 0ஏ, 0ஏ, 14, 05. நான் 14க்குப் பதில் 20 என்றே எழுதியிருந்தேன். பதினாறடிமானத்தில் 20 என்றால் 32. ஆக, ஆறு தலைவர்களும் 10.10.32.5 என்ற ஆளில்லாத மனைக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாரே, நெட் கிட்டுன்னில்லல்லோ" என்று கீழே சூப்பர்வைசர் சேட்டன் மூன்றாம் முறை கேட்டார்.

ஏபியும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் கேப்வாப் நெறிமுறை (ஆர்எஃப்சி 5415, 2009 மார்ச்) இந்த அவஸ்தைக்கும் அளவு வைத்திருக்கிறது. இயல்பான அமைப்பில் பத்து முறை கேட்டுப் பார்; பதிலில்லையென்றால் முப்பது வினாடி சும்மா இரு; பிறகு மறுபடி தொடங்கு. சங்கத் தலைவனுக்கு இந்த முப்பது வினாடி ஒழுக்கம் இருந்திருந்தால் மடலேறும் துறையே தேவைப்பட்டிருக்காது.

ஐந்தாவதாக ஒரு வழியும் ஒருகாலத்தில் இருந்தது: அலர். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஏபிகள் தங்கள் தலைமை யாரென்று காற்றில் பேசிக்கொள்ளும். புதியது அதை ஒட்டுக்கேட்டு அங்கே போகும். பொய்த் தலைமை ஒன்று நடுவில் நின்று ஏபியைக் கவர்ந்துகொள்ளலாம் என்று 2009இல் தெரியவந்தது. பின்னால் வந்த மென்பொருளில் இந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஊர்வாயை நம்பி மணம் பேசக் கூடாது என்பதை நம் பாட்டிகள் எந்த ஆர்எஃப்சியும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

கண்டுபிடிப்பது வரைதான் அகத்திணை கைகொடுக்கிறது. தேர்ந்தெடுப்பதில் காலை வாரிவிடுகிறது. ஏபி நான்கு வழியிலும் தேடிப் பதில் சொன்ன எல்லாரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பிறகே யாரென்று முடிவு செய்கிறது. காதல் போய் ஜாதகக் கட்டு வந்துவிட்டது. முதல், இரண்டாம், மூன்றாம் தலைமை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அந்த வரிசை. இல்லையென்றால் 'மாஸ்டர்' என்று குறித்த கண்ட்ரோலர். அதுவும் இல்லையென்றால் யாரிடம் இடம் மிச்சமோ அவர்: 500 ஏபி தாங்கும் பெரிய வீட்டில் 480 நிரம்பியிருக்கிறது, 100 தாங்கும் சின்ன வீட்டில் 20தான் இருக்கிறது என்றால், சின்ன வீடு. (சொல்லின் இன்னொரு பொருளுக்கு ஆய்வாளன் பொறுப்பல்ல.) வரிசை முறைக்குக் கொச்சியே பழைய உதாரணம்: 1503இல் போர்த்துகீசியர் கோட்டை, 1663இல் டச்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். ஒன்று விழுந்தால் அடுத்தது.

பிறகு கரணம். காதலில் பொய்யும் பிழையும் புகுந்த பின்பே பெரியோர் மணச்சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது தொல்காப்பியர் கட்சி. கேப்வாப்பின் கட்சியும் அதுவே. சேருமுன் இரு தரப்பும் டிடிஎல்எஸ் முறையில் சான்றிதழ் காட்டி ஒருவரையொருவர் உறுதி செய்துகொள்கிறார்கள். அதன்பின் பேச்சு யுடிபி 5246 வழியே, சீதனப் போக்குவரத்து 5247 வழியே.

ஏபி தலைவனா, தலைவியா என்ற வழக்கை இந்த இடத்தில் தீர்த்துவிடலாம். தேடி அலைவதால் தலைவன் என்பது ஒரு சாரார் கொள்கை. நானும் இதுவரை அப்படித்தான் எழுதிவந்தேன். ஆனால் சேர்ந்த கையோடு நடப்பதைப் பாருங்கள். கண்ட்ரோலரின் மென்பொருள் பதிப்பு வேறாக இருந்தால், ஏபி தன் பிறந்த வீட்டுப் பதிப்பை விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பதிப்பை வாங்கிக்கொண்டு, மறுபிறவி எடுத்து வருகிறது. அப்புறம் முப்பது வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். எந்தத் தலைவன் இப்படி இருந்தான்? களவில் அவன், கற்பில் அவள். இதுவே என் துணிபு. இதற்கு ஒரு விலக்கு: முதல் தலைமை படுத்தால் ஏபி இரண்டாம் தலைமையிடம் போகும், முதலாமவர் எழுந்ததும், ஃபால்பேக் போட்டிருந்தால், ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். பரத்தையிற் பிரிவு மறுபடி ஆண்பாலே. ஊடல் மட்டும், இணைப்பு அறுந்த ஸ்கேனர் கையில் நிற்கும் மூட்டைக் கணக்குப் பையன்களுக்கு.

20ஐ 14 ஆக்கினேன். ஏபிகளின் போர்ட்டை ஸ்விட்சில் அணைத்துப் போட்டேன். ஐந்தாம் நிமிடம் முதல் ஏபி கண்ட்ரோலர் பட்டியலில் ஏறியது. சேட்டன் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய நேரம், விளக்கு பொட்டென்று அணைந்தது.

"சாரே, போயி!"

"போகலை சேட்டா, புகுந்த வீட்டுப் பதிப்புக்கு மாறுது."

அவருக்கு அது எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்றார். ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம் என்றேன். அது மட்டும் உடனே புரிந்தது.