தாம்பரம் மிக அருகில்

எங்கள் வீடு ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில்தான் நிற்கிறது. சேலையூர் ஏரிப் பக்கம் அப்பா 1974இல் ஒரு கிரவுண்டு வாங்கிக் கட்டியது. ஜில்லாதான் கால் தரிக்காமல் அலைகிறது. கட்டும்போது செங்கல்பட்டு. கொஞ்ச காலம் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997இல் காஞ்சிபுரம். 2019 நவம்பரில் மறுபடியும் செங்கல்பட்டு. அந்தந்தக் காலத்தில் வாங்கிய காகிதங்கள் அந்தந்த ஜில்லாவைச் சொல்லும். ஒரு கவுன்டரில் அத்தனையையும் பரப்பிப் பார்த்தவர், "எத்தனை தடவை சார் வீடு மாத்தினீங்க?" என்றார். "ஒரு தடவைகூட இல்லை" என்றேன். அதன் பிறகு அவர் என் முகத்தையும் போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்த விதம் நன்றாக இல்லை.

தபால்காரருக்கு நாங்கள் சென்னை. பின்கோடு 600 என்றுதான் ஆரம்பிக்கும். டெலிபோனுக்கும் 044. ஸ்கூட்டருக்கு மட்டும் டி.என்.11. கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் செங்கல்பட்டு. இதற்கிடையே 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாவற்றையும் சேர்த்து 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. ராத்திரி நகராட்சியில் படுத்தவன் காலையில் மாநகராட்சியில் எழுந்தேன். காபி அதே காபிதான்.

மயிலாப்பூரில் என் அத்தை ஒருத்தி இருந்தாள். அவள் கணக்கில் சைதாப்பேட்டைப் பாலத்தோடு மெட்ராஸ் முடிந்தது. அதற்குத் தெற்கே இருப்பதெல்லாம் வெளியூர். நாங்கள் போனால், "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? வழியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். திரும்பும்போது வாழை இலையில் புளிசாதம் கட்டிக் கொடுப்பாள், வழிக்கு. மாம்பலத்தில் ஏறிப் பல்லாவரம் வருவதற்குள் அதைத் தின்று தீர்த்துவிடுவோம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. "தாம்பரமா? எனக்கு ஒண்ணும் இருமல் இல்லையே" என்பாள். 1928இல் டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய்க்குச் சானடோரியம் தொடங்கியதிலிருந்து, நல்ல காற்றுக்காக நோயாளிகளை அனுப்பும் ஊர் என்றே அவள் தலைமுறை தாம்பரத்தை மனதில் எழுதிக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வைத்தால் அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் உலகம் எப்போதோ தாம்பரத்துக்கு வந்துவிட்டது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுன் நெரிசலை உதறிவிட்டு இங்கே 365 ஏக்கர் காட்டுக்குள் குடிவந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு அங்கே கூடியது. எந்தெந்தக் கண்டத்திலிருந்தோ கப்பலேறி வந்தார்கள். மயிலாப்பூரிலிருந்து அத்தை வரவில்லை.

அம்பாசமுத்திரத்துச் சித்தப்பா இதற்கு நேர் எதிர். "மெட்ராஸ்ல தாம்பரம்லா? நடு ஊருலல்லா இருக்க!" என்பார். தெற்கிலிருந்து வருகிற ஆளுக்கு அப்போதெல்லாம் சென்னை என்பதே விடிகாலையில் பஸ் விளக்கைப் போட்டு, "பெருங்களத்தூர், தாம்பரமெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் போடும் சத்தம்தான். அதற்கு அந்தாண்டை இருப்பதை அவர் ஏதோ கடலோரக் கிராமம் என்று நினைத்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததைச் சொன்னபோது, "அப்போ மெட்ராஸ் இன்னும் கொஞ்சம் எங்க பக்கம் வந்துட்டுன்னு சொல்லு" என்று சந்தோஷப்பட்டார்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு விட்டார்கள். அன்றைக்கு டி.வி.யில் எங்களை யாரும் காஞ்சிபுரம் மாவட்டம் என்று சொல்லவில்லை. 'சென்னை வெள்ளம்' என்றுதான் சொன்னார்கள். முங்கினால் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பழைமையில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் வெளிச்சத்துக்கு வந்தது அந்தக் குழியிலிருந்துதான். அன்றைக்கு ஆரம்பித்த தோண்டல் எங்கள் வட்டாரத்தில் இன்னும் நிற்கவில்லை, அகப்படுவதுதான் ஒன்றுமில்லை. போன மழைக்கு எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் என் இடதுகால் செருப்பு போயிற்று. பின்னால் வரும் ஆய்வாளர் யாராவது அதை எடுத்து, இங்கே ஒற்றைக்கால் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. அதற்காகவே இங்கே பதிவு செய்கிறேன்.

வெளியாருக்குத்தான் தாம்பரம் சென்னையா இல்லையா என்ற சந்தேகம். உள்ளூர்க்காரனுக்கு உலகமே இரண்டுதான்: ஈஸ்ட், வெஸ்ட். நடுவில் தண்டவாளம். ஈஸ்டில் கல்லூரி, விமானப்படைத் தளம், கேம்ப் ரோடு. வெஸ்டில் ஜி.எஸ்.டி. ரோடு, சண்முகம் சாலை, கடைகள். வெண்டைக்காய் வெஸ்டில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்பது என் மனைவியின் நம்பிக்கை. அதற்காக என்னையும் பையையும் பாலமேற்றி அனுப்புவாள். திரும்பி வந்து நான் குடிக்கும் இளநீருக்கு அவளிடம் கணக்குச் சொல்வதில்லை. என் அண்ணன் மகனுக்கு வரன் பார்த்தபோது ஜாதகம் பொருந்தியது, படிப்பு பொருந்தியது. கடைசியில் அண்ணி இழுத்தாள்: "எல்லாம் சரிதான்... பொண்ணு வீடு வெஸ்டாமே. நாளு கிழமைன்னா போய்வர முடியுமா?" மொட்டை மாடியில் நின்று பார்த்தால் அவர்கள் தண்ணீர்த் தொட்டி தெரியும்.

அந்த நடைமேம்பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு அதில் ஒரு கூட்டம் நகராமல் நிற்கும். ஏதோ விபத்து என்று புதிதாக வந்தவர் எட்டிப் பார்ப்பார். விபத்தெல்லாம் இல்லை, அடுத்த லோக்கல் எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று எல்லாரும் யார்டு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கும் சம்சாரி மாதிரி. அனுபவசாலிகளுக்குத் தண்டவாளம் கிளை பிரியும் இடத்தில் வண்டியின் மூக்கு திரும்புவதிலேயே தெரிந்துவிடும். யாரோ ஒருவர், "மூணு!" என்பார். அவ்வளவுதான். இருநூறு பேர் ஒரே படியில் இறங்குவார்கள். சில நாள் அவர் சொன்னது தப்பாகிவிடும். இருநூறு பேரும் மறுபடி ஏறுவார்கள். சொன்னவரை மட்டும் காணோம்.

இவ்வளவும் எதற்கு? ஜன்னல் சீட்டுக்கு. வண்டி கிளம்புகிற ஊர் என்பது தாம்பரத்துக்காரனின் பரம்பரைச் சொத்து. 1931 மே மாதம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்த நாள் முதல் உள்ள பாத்தியதை. 2004இல் மீட்டர் கேஜ் போய்ப் பெட்டி அகலமானபோதுகூட உரிமை மாறவில்லை. இதிலும் கை வைக்க ஆள் உண்டு. குரோம்பேட்டையில் ஏற வேண்டியவர், எதிர்த்திசை வண்டியில் ஏறித் தாம்பரம் வரைக்கும் வந்து, இறங்காமல் அதே சீட்டில் பீச்சுக்குப் போவார். நாங்கள் ஓடிப்போய் ஏறும்போது அவர் ஏற்கெனவே பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் இருப்பார். ஒருநாள் ஜன்னல் வழியாக நான் போட்ட கைக்குட்டையை அப்படி ஒருவர் எடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டு, "தேங்க்ஸ்" என்று திருப்பிக் கொடுத்தார்.

இந்த ஊருக்கு மிகுந்த மரியாதை தருபவர்கள் மனை விற்பவர்கள்தான். மதுராந்தகம் தாண்டி ஒரு வயலில் கல் நட்டு, "தாம்பரம் மிக அருகில்" என்று போர்டு வைக்கிறார்கள். படத்தில் ஒரு குடும்பம் சிரிக்கும். அவர்கள் இன்னும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரியும். போர்டில் போட்ட நிமிஷக் கணக்கை நம்பி என் தங்கை மகனோடு மனை பார்க்கப் போய், மதியச் சாப்பாட்டை அச்சிறுபாக்கத்தில் சாப்பிட்டேன்.

கடைசியில் அவன் செங்கல்பட்டில் ஃபிளாட் வாங்கினான். பால் காய்ச்சப் போயிருந்தேன். நல்ல வீடு, கொளவாய் ஏரிக் காற்று. கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமையில சும்மாதானே இருக்கே? எப்பவாவது சென்னைப் பக்கம் வாயேன்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் மயிலாப்பூர் அத்தையின் குரல் மாதிரி இருக்கிறதே என்று உறைத்தது.

அவன் சிரித்தான். "மாமா, நீங்க எங்க மாவட்டம். நாங்கதான் தலைநகர். கலெக்டர் ஆபீஸுக்கு வரப்போ நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தாள். புளிசாதமாம், வழிக்கு.