திட்ட உரிமை உண்டு!

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள், புதிதாக வரும் ஒவ்வொரு கிளைத் தொடரையும் திட்டிக்கொண்டே பார்க்கிறார்களே, ஏன்?

பதில்: உரிமை உள்ளவர்தானே திட்டுவார்! 1966-இல் தொடங்கிய அந்த விண்வெளித் தொடரை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுத்தப்போகிறது என்றதும், மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டு மூன்றாவது சீசனை வாங்கியவர்கள் அவர்கள். 1969-இல் 79 எபிசோடுகளோடு கதை முடிந்தது. மறுஒளிபரப்பில்தான் மவுசு கூடியது.

1987-இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தபோது, முதல் தொடரின் கேப்டன் கிர்க்கின் நாற்காலியில் வழுக்கைத் தலை கேப்டனா என்று முகம் சுளித்தார்கள். அது ஏழு சீசன் ஓடியது! 1993-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்'. கதை நடப்பதோ பறக்கும் விண்கலத்தில் அல்ல, விண்வெளி நிலையத்தில். விடுவார்களா?

நாசாவையே விடவில்லை. 'கான்ஸ்டிட்யூஷன்' என்று பெயர் வைக்க இருந்த அதன் முதல் ஷட்டிலை, 1976-இல் கடிதம் எழுதியே, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான 'என்டர்பிரைஸ்' ஆக்கினார்கள். பாவம், அது சோதனைக்குக் கட்டிய கலம்; கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை.