சூடான எஞ்சின் பொய் சொல்லாது

பழைய கார் வாங்குவது பற்றி அறிவுரை சொல்வோர் துரு, டயர், சர்வீஸ் புத்தகம், பழைய விபத்து என்ற வரிசையிலேயே சொல்லிப் பழகியவர்கள்; ஆனால் பிரிட்டனின் பழைய கார் சந்தையில் இன்றும் சபலத்தைத் தூண்டும் விலையில் கிடைக்கும் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போகிறவர் அந்த வரிசையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு போவதுதான் உத்தமம். எஞ்சின் நன்றாக ஓடுகிறதா என்பதன்று அக்கேள்வி, ஏனெனில் சாகக் கிடக்கும் ரோட்டரி எஞ்சினும் காலைக் குளிரில் ஒரு முறை நன்றாகவே ஓடிக் காட்டும். ஓடிச் சூடேறி நின்ற பிறகு மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறதா என்பதே கேள்வி.

இதன் காரணம் எஞ்சினின் வடிவத்திலேயே இருக்கிறது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த ரோட்டரி எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணமாகிய ரோட்டர், இடுப்பு சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள் சுழல, அதன் மூன்று முகங்களுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையில் உண்டாகும் மூன்று அறைகளும் காற்றையும் பெட்ரோலையும் இழுத்து, அமுக்கி, எரித்து, புகையாக வெளியே தள்ளும் வேலையை மாறி மாறிச் செய்கின்றன. ஆர்எக்ஸ்-8 காரில் இத்தகைய ரோட்டர்கள் இரண்டு. மொத்தக் கொள்ளளவு 1308 சி.சி. மட்டுமே என்றாலும், பிரிட்டனில் விற்ற வண்டிகளில் வலிமை மிகுந்த வகை 231 குதிரைத்திறனைத் தந்து, நிமிடத்துக்கு 9000 சுற்று வரை முனகாமல் ஏறும். அழகான யோசனைதான், அழகான யோசனைகள் பலவற்றைப் போல இதுவும் மூலைகளில்தான் மாட்டிக்கொண்டது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டை ஒவ்வொன்று பதிந்து, கூட்டின் சுவரை உரசியபடியே ஓடி, ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காக்கிறது. 1960களில் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் பொறியாளர்கள் சோதித்த எஞ்சின்களின் உட்சுவரில் இந்தப் பட்டைகள் அலையலையாகப் போட்ட கோடுகளுக்கு அவர்களே சாத்தானின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்தில் என்எஸ்யூ நிறுவனம் 1967இல் ஜெர்மனியில் வெளியிட்ட ஆர்ஓ 80 காரின் உரிமையாளர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதில்லை என்றும், அதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்பதை விரல்விட்டுக் காட்டிக்கொள்வார்கள் என்றும் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு இணையாக இங்கே செய்யவேண்டியது கம்ப்ரஷன் சோதனை, அதாவது எஞ்சினை எரிய விடாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் சுற்றி, அறைகளுக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று அளப்பது. சாதாரண மெக்கானிக்கிடம் இருக்கும் அளவுமானி இதற்கு உதவாது. பிஸ்டன் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட அக்கருவி வந்த அழுத்தங்களில் மிக உயர்ந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையதாகையால், மூன்று முகங்களில் இரண்டு படுத்துவிட்டாலும் மூன்றாவதன் மதிப்பெண்ணைக் காட்டி ரோட்டர் முழுவதையும் தேர்ச்சி பெறச் செய்துவிடும். ஆகவே முகத்துக்கு ஓர் எண் வீதம் ஆறு எண்களைத் தனித்தனியே தரும் ரோட்டரிக் கருவி வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் 830 கிலோபாஸ்கல் இருப்பது தரம். 680க்குக் கீழே போனால் எஞ்சினைக் கழற்ற வேண்டியதுதான். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையில் 150க்கு மேல் வேறுபாடும் கூடாது. இந்த 250 என்ற வேகத்தைக் குறிப்பிடாத சோதனை ரசீதை நம்புவதற்கில்லை, ஏனெனில் புதிய பேட்டரியும் முறுக்கான ஸ்டார்ட்டரும் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் நோயாளி எஞ்சினின் எண்களும் கூடவே ஏறும்.

கருவி கிடைக்காதபோது காதே கருவி. ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, பெட்ரோலையும் மின்பொறியையும் நிறுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி சுற்றவிட்டால், அந்தத் துளை வழியே புஸ், புஸ், புஸ் என்று மூன்று மூச்சுகள் ஒரே கனத்தில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர் என்பதால் அது போனால் அடுத்தடுத்த இரண்டு மூச்சுகளும் சேர்ந்தே மெலியும். ஒரு பலத்த புஸ், அதன்பின் இரண்டு பெருமூச்சு என்று கேட்குமானால், விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது நல்லது. நடப்பவர்கள் குறைவு. செந்நிற வண்டி, நடுத்தூண் இல்லாமல் எதிரெதிராகத் திறக்கும் கதவுகள், மிதித்தவுடன் எழும் அந்த ரீங்காரம் இவற்றுக்கு முன்னால், மூன்றாவது புஸ் அவ்வளவு மோசமாக இல்லையே என்று வாதாடும் வழக்கறிஞர் ஒருவர் வாங்குபவரின் உள்ளேயே எழுந்து நிற்பார்.

விற்பவரின் சாமர்த்தியமும் ஆராயத்தக்கதே. சிலர் வாங்குபவர் வரும் முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, குளிர்ந்த எஞ்சின் முதன்முதலில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் வெண்புகையை மறைத்துவிடுவார்கள். அப்புகை நிற்காமல் நெடுநேரம் வந்துகொண்டே இருந்தால், கூட்டின் பகுதிகளுக்கு இடையிலுள்ள ரப்பர் வளையங்கள் பழுதாகிக் கூலன்ட் எரியறைக்குள் கசிகிறது என்று பொருள். ஆகையால் பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பதிலிருந்தே சோதனையைத் தொடங்க வேண்டும். வேறு சிலர் இதற்கு நேர்மாறாக, ஓட்டிப் பார்த்துத் திரும்பிய பின் எஞ்சினை அணைக்கவே விடமாட்டார்கள். இருபது நிமிடம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் வானிலை பற்றிப் பேசிவிட்டு (பிரிட்டனில் இதற்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை) மீண்டும் சாவியைத் திருப்பும்போது, இரண்டு மூன்று விநாடிகளில் எஞ்சின் பற்றிக்கொள்ள வேண்டும். தேய்ந்த சீல்கள் சூட்டில்தான் தம் கசிவை ஒப்புக்கொள்கின்றன. வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால், பேட்டரி வீக், பெட்ரோல் பழசு, நேற்று வரை நன்றாக இருந்தது என்ற மூன்று விளக்கங்களும் அதே வரிசையில் வரும்.

குளிர்ந்த வண்டியைக் கொட்டகையிலிருந்து வாசல் வரை மட்டும் நகர்த்தி அணைத்துவிடும் பழக்கம் உள்ளவரா என்பதையும் பேச்சுவாக்கில் கேட்டறிய வேண்டும். அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் உட்சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட, அழுத்தம் குறைந்து வண்டி அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் நின்று, ஈரம் உலர்ந்து, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆயில் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. சீல்கள் வழுக்கி ஓடுவதற்காக இந்த எஞ்சின் தானே ஆயிலைச் சிறுகச் சிறுக உட்செலுத்தி எரித்துவிடும்படி வடிவமைக்கப்பட்டதால், ஆயிலே குடிக்காத வண்டி என்று பெருமையாகச் சொல்பவர் தம்மை அறியாமலேயே ஒரு வாக்குமூலம் அளிக்கிறார். அதுபோலவே, வயதான ஒருவர் ஞாயிறுதோறும் கடைக்குப் போய்வர மட்டும் பயன்படுத்திய வண்டி என்பது வேறெந்தக் காருக்கும் நற்சான்று. குறுந்தூர ஓட்டமும் மெல்லிய மிதியும் கரியைப் படியவைக்கும் இந்தக் காருக்கோ அது குற்றப்பத்திரிகை. அவ்வப்போது, அதுவும் நன்றாகச் சூடேறிய பிறகு, எச்சரிக்கை ஒலி எழும் வரை முடுக்கியவரின் வண்டியே மேல்.

இக்னிஷன் காயில்கள் நான்கும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது இருக்க வேண்டும். அவை சோர்ந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டு அடைத்துவிடும். எம்ஓடி எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகளைப் பிரிட்டனில் வண்டி எண்ணை வைத்து எவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால், புகைச் சோதனையில் தோற்ற ஆண்டுகளை விற்பவர் மறந்திருந்தாலும் அரசாங்கம் மறந்திருக்காது.

எஞ்சின் புதுப்பிக்கப்பட்டது என்ற சொற்றொடரைக் கேட்டு நெகிழ்ந்துவிடக் கூடாது; புதிய சீல்களைத் தேய்ந்த பழைய கூட்டுக்குள்ளேயே போட்டு மூடுவதும் புதுப்பித்தல் என்றே அழைக்கப்படுவதால், எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன, அதன்பின் எத்தனை மைல் ஓடியது என்று எழுத்தில் கேட்க வேண்டும். இவை எதுவும் தெளிவாகாத நிலையில், எஞ்சின் போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு, அதைப் புதுப்பிக்கும் செலவைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுவது முறை. அந்தத் தொகையை முன்பே கழித்துத்தான் விலை சொன்னதாக விற்பவர் சத்தியம் செய்வார். சத்தியம் செய்யும் நேரம் முழுவதும் வண்டியை அணைக்காமல் உறுமவிட்டிருக்கிறாரா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.