மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாட ஏடுகள்: காலமும் கர்த்தாவும்

பொதுமுடக்கக் காலத்தில் எழுந்த இலக்கியங்களுள் அளவில் பெரியதும் ஆய்வாளர் எவரும் தொடாததும் வீட்டுப்பாடமே. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட இப்பெருந்தொகைக்கு இன்றுவரை ஒரு செம்பதிப்பு இல்லை. துறைத் தலைவர்கள் அப்போது வெபினாரில் இருந்தார்கள். பின்னூட்டப் படிவத்தை நிரப்பினால் உரையைக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் மின்சான்றிதழ் கிடைத்த பொற்காலம் அது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆய்வு நோக்கம்: மேற்கண்ட குறையைப் போக்குதல். கருதுகோள்: மரபுப்படி, முடிவு தெரிந்த பிறகு எழுதிச் சேர்க்கப்படும். ஆய்வு எல்லை: சென்னைப் புறநகர் அடுக்ககம் ஒன்றின் கூடம், அதிலும் ரூட்டரின் பச்சை விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரம் மட்டும். மூல ஏடு: மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் நோட்டுப் படங்கள். இவை இவ்வாய்வாளரின் மனைவியின் போனில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இடம் போதாமல் போனபோது அதிலிருந்து கல்யாணப் படங்கள் நீக்கப்பட்டன, வாய்பாடு தப்பியது. கடல்கோளில் எந்த நூல் போகும், எது கரையேறும் என்பதற்கு விதி இல்லை.

போன் இல்லாத வீடுகளும், இருந்த ஒரே போன் காலையிலேயே அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விட்ட வீடுகளும் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கிருந்து படம் எதுவும் வராததால், அங்கே வீட்டுப்பாடச் சிக்கலே இல்லை என்று முடிவு கட்டலாம். அறிக்கை எழுதுவோர்க்கு வசதியான முடிவு, இவ்வாய்வாளரும் எடுத்துக்கொள்கிறார்.

முன்னாய்வுகள் சில உண்டு. வீட்டுப்பாடமே தேவையில்லை, சிலேட்டு போதும் என்பது ஒரு பள்ளி (காண்க: மேல்வீட்டு மாமா, ‘எங்க காலத்துல’, வாய்மொழிப் பதிப்பு, மாடிப்படித் திருப்பம், முகக்கவசம் தாடைக்கு இறங்கிய நிலையில்). தேவைதான், ஆனால் நம் பிள்ளைக்கு மட்டும் அதிகமாகத் தருகிறார்கள் என்பது எதிர்ப்பள்ளி (காண்க: வகுப்புத் தாய்மார் குழு, ‘மிஸ்’ இல்லாத தனிக்குழு, நள்ளிரவுக் குரல் செய்தி, பின்னணியில் மிக்ஸி ஓடியதால் நடுவே ஒரு தொடர் சிதைந்துள்ளது).

அரசு நிலைப்பாடு தெளிவானது. 2020 ஜூலையில் மத்திய கல்வித்துறை ‘பிரக்யாதா’ என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் எட்டு வரை நாளொன்றுக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம், அதற்கு மேல் கூடாது என்றது. ஜூம் செயலியின் இலவசப் பதிப்பு அதையும் முந்திக்கொண்டு 40 நிமிடத்திலேயே வகுப்பை அறுத்துவிடும். ‘மிஸ், ஹலோ, மிஸ்’ என்ற குரலோடு முடியும் அமர்வுகள் பல. இவையெல்லாம் திரை எரியும் நேரத்துக்கான சட்டம். திரை அணைந்த பின் நடந்ததுதான் நம் பொருள்.

இனி, வீட்டுப்பாட வகைகள்.

கணக்கு: எழுதியவர் யாராயினும் விடை ஒன்றே, ஆய்வுக்குச் சுவை இல்லை.

ஆங்கிலம்: கட்டுரைகள் இணையத்தில் கிடைத்தவை, பாடபேதம் குறைவு.

உடற்பயிற்சி: காணொளியாக அனுப்ப வேண்டும். கீழ்வீட்டார் மேலே ஏறி வந்ததோடு இவ்வகை வழக்கொழிந்தது.

கைவினை: சற்று நிற்க வேண்டிய இடம். 2020 ஜூன் 19 முதல் சென்னையிலும் சுற்றுமாவட்டங்களிலும் முழுமுடக்கம். அதே வாரத்தில் சார்ட் பேப்பரும் சம்கியும் கொண்டு ஒரு மயில் செய்து அனுப்பச் சொல்லி உத்தரவு. ஸ்டேஷனரிக் கடை ஷட்டர் இறங்கியிருக்க, அம்மயிலின் தோகைக் கண்கள் எங்கிருந்து வந்தன? வீட்டிலுள்ள நீலச் சுடிதார் ஒன்றின் கழுத்துப் பட்டையில், சம்கி இருந்த இடமெல்லாம் இப்போது நூல் முடிச்சுகள் மட்டும் உள்ளன. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சொல்லும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை. புறச்சான்று, அவ்வளவே.

அடுத்து, காலப்பகுப்பு. இதில் நம் துறையில் வழக்கமாக எழும் சண்டைக்கே இடமில்லை. நாள் துல்லியமாகத் தெரியும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. உலகம் டிக்டாக்குக்காக அழுதது. பெற்றோர் உலகம் கேம்ஸ்கேனருக்காக அழுதது. அதற்கு முற்பட்ட ஏடுகள் வெள்ளைவெளேரென்று, ஓரம் நறுக்கி, அடியில் செயலியின் பெயர் தாங்கிய ஈற்றுக்குறிப்போடு விளங்குகின்றன. பிற்பட்டவை அடோபி ஸ்கேன் காலத்தவை. இடையே சில வாரம் படங்கள் அப்படியே, கோணலாக, மேசைவிரிப்பும் தோசைத் தட்டும் தெரிய அனுப்பப்பட்டன. களப்பிரர் முன்னுதாரணத்தைப் பின்பற்றி இதை இருண்ட காலம் என்கிறோம். நமக்குச் சான்று படிக்கத் தெரியாத காலத்துக்கெல்லாம் அப்பெயர் வைப்பது மரபு. இங்கே கூடுதலாக, டியூப்லைட்டும் சரியாக எரியவில்லை.

இருண்ட கால ஏடுகளின் தனிச்சிறப்பு நிழல். தலைநிழல் பக்கத்தின் மேற்பாதியை மறைப்பது. ‘படம் கிளியரா இல்ல, மறுபடி அனுப்புங்க பேரன்ட்ஸ்’ என்று மிஸ்ஸை எழுத வைப்பது. விரல்நிழல் ஒரு விடையை மட்டும் மறைப்பது; விடை தெரியாதபோது மட்டுமே விழுவது. இவற்றினும் அரியது வளையல்நிழல். சூழ்நிலையியல் நோட்டின் ‘தாவரங்களின் பாகங்கள்’ படத்தில், வேருக்கும் தண்டுக்கும் குறுக்கே இரண்டு மெல்லிய வளைவுகள் விழுந்துள்ளன. மாணவன் வளையல் அணிவதில்லை. இது தாவரத்தின் பாகமே என்ற கருத்தும் உண்டு. (ஒப்பிடுக: எதிர்வீட்டு அத்தை, மொட்டைமாடிச் சொற்பொழிவு, வடாம் பிழியும் பருவம், முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையில். காக்கை விரட்டுவதற்காக உரை இருமுறை நின்றது. ஒப்புநோக்கத் தம் பேத்தியின் ஏட்டைக் கேட்டபோது, ‘பார்த்து எழுதிடுவீங்க’ என்று அத்தை தர மறுத்துவிட்டார். இம்மறுப்புக்கு மறுப்பு: அதே அத்தை, அதே மாடி, வடாம் காய்ந்த பின்.)

இவ்வாறாக நாம் கர்த்தா சிக்கலுக்கு வந்து சேர்கிறோம். ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் பலர் பாடினர் என்பதை ஏற்கத் தமிழ் ஆய்வுலகம் பழகிவிட்டது. மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவன் என்ற பெயரில் பலர் எழுதினர் என்பதை ஏற்கத் தயங்குவதேன்?

எழுத்தமைதியை நோக்குவோம். முதல் கை பெரிய எழுத்து. கோட்டின் மேல் நிற்காமல் வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் வரியில் பென்சில் உடையும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காது. ஓலைச்சுவடிகளிலும் புள்ளி இடும் வழக்கம் இல்லை, ஆகவே இது ஏட்டு மரபு என்று மாணவன் சார்பில் வாதிடப்பட்டது. மிஸ் சுவடியியல் பயின்றவர் அல்லர்; அரை மதிப்பெண் போனது.

இரண்டாம் கை வேகமானது. முதல் கையைப் போலவே எழுத முயன்று, முதல் இரண்டு வரியில் வெற்றியும் பெறும். பிறகு தூக்கம் வந்துவிடும் போலும். ‘கள்’ விகுதி ஒரே இழுப்பாகி, அலுவலகக் கோப்பில் கையெழுத்துப் போடும் பாணிக்கு மாறும். இடம்: பெரும்பாலும் பக்கத்தின் பின்பாதி. காலம்: படக்கோப்பின் நேரமுத்திரைப்படி, இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் விழுந்த பிறகு.

மூன்றாம் கைதான் ஆய்வுலகைப் பிளந்தது. தமிழ் நோட்டில் ‘சோலை’, ‘யானை’ ஆகிய சொற்களில் ‘லை’யும் ‘னை’யும் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவில் உள்ளன. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோதே இவ்வடிவங்கள் பாடநூலை விட்டுப் போயின. இதை வைத்து, இந்த வீட்டுப்பாடமே 1978-க்கு முற்பட்டது, கொரோனா என்பது பிற்கால இடைச்செருகல் என்று ஒரு தரப்பு வாதிடக்கூடும். இன்னும் சில ஆயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளினால் மேடையில் கைதட்டலும் கிடைக்கும். அடக்கமான விளக்கமும் ஒன்று இருக்கிறது. வீட்டில் பாட்டி இருக்கிறார். ‘கொடுடா கண்ணா, நான் ரெண்டு வரி எழுதறேன், நீ போய்ச் சாப்பிடு’ என்று அவர் சொன்னதைக் கேட்டவர் உண்டு. ஆயினும் எளிய விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் துறையில் இல்லை.

நான்காவதாகத் தந்தையின் கை ஏதும் உண்டா? ஏடு முழுவதும் தேடியும் அகப்படவில்லை. சிதைந்துபோன பக்கங்களில் இருந்திருக்கலாம்.

இறுதியாக, கறை. தமிழ் நோட்டு, பின்பாதியின் வலக்கீழ் மூலையில் கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் தடம். அதன் விளிம்பு மட்டும் செங்காவி. சமயச் சடங்கில் ஏட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வழிபட்டதன் எச்சம் என்று முதலில் கருதப்பட்டது. அகழாய்வில் என்னவென்று தெரியாத பொருள் கிடைத்தால் ‘சடங்கு சார்ந்தது’ என்று எழுதி அடுத்த குழிக்குப் போவது வழக்கம், அதையே பின்பற்றினோம். பிறகு வேதியியல் குறுக்கிட்டது. மஞ்சள் கறை காரம் பட்டால் சிவக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் காரம் உண்டு. அப்படியானால், குழம்புப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு கை, நுரையை முழுதாகக் கழுவாமலே வந்து இந்தப் பக்கத்தைப் புரட்டி, ‘மழை ஏன் தேவை? ஐந்து வரிகளில் எழுதுக’ என்பதற்கு மூன்றாம், நான்காம், ஐந்தாம் வரிகளை எழுதியிருக்கிறது. முதலிரண்டு வரி பையனுடையது. ‘மழை வந்தால் லீவு விடுவார்கள்’ என்பது இரண்டாம் வரி. இதன் மூலத்தன்மையில் எவருக்கும் ஐயமில்லை.

கண்டறிந்தவற்றை நெறியாளரிடம் காட்டியபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டாம் கைக்கு உரியவர் இவ்வாய்வாளரின் வீட்டிலேயே, அடுத்த அறையிலேயே இருக்க, எழுந்து போய் அவரையே கேட்டுவிட்டால் என்ன? உயிரோடிருக்கும் ஆசிரியரைக் கேட்டு ஐயம் தீர்த்துக்கொண்டால், வீட்டுப்பாடத்துக்குக் கர்த்தா கிடைப்பார், முனைவர் பட்டம் கிடைக்காது என்று பணிவுடன் விடை பகரப்பட்டது. மேலும், அந்த அறைக்குப் போனால் பென்சில் சீவித் தரச் சொல்கிறார்கள்.