பங்காளிகள் மூட்டிய அடுப்பு

எங்கள் கீரப்பாளையத்தில் பங்காளிச் சண்டை என்றால் வேலி, வரப்பு, வாய்க்கால் மடை. அதோடு சரி. வெள்ளைக்காரப் பங்காளிகள் பெரிய கை. 1961 ஆகஸ்டில் பெர்லினுக்கு நடுவே சுவரையே எழுப்பிவிட்டார்கள். மேற்கு ஜெர்மனி ஒரு கட்சி; கிழக்கைக் கையில் வைத்திருந்த ரஷ்யா எதிர்க்கட்சி. அதே ஆகஸ்டில், புவனகிரி, சேத்தியாத்தோப்பு தாண்டி நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெயிலைப் பார்த்தது. தோண்டிய ராட்சத மெஷின் மேற்கு ஜெர்மனியுடையது. எரிக்க அனல்மின் நிலையம் என்ற அடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர் ரஷ்யாக்காரர். அங்கே முகம் பார்க்காதவர்கள், இங்கே ஒருவர் விறகு வெட்ட மற்றவர் உலை வைத்தார்.

கதை தொடங்கியது தண்ணீரில். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போர் போட, கறுப்பாக ஏதோ வந்தது. வேறு ஆளாக இருந்தால் போர்க்காரனை நாலு திட்டு திட்டிவிட்டு மூடியிருப்பார். முதலியார் அரசாங்கத்துக்குச் சொன்னார். பின்னால் 620 ஏக்கரைச் சும்மாவும் கொடுத்தார். (மற்றவர்கள் நிலம் போன கதை இந்தப் பக்கத்தில் அடங்காது, அதில் சிரிக்கவும் ஒன்றுமில்லை.) அரசாங்கம் வழக்கமான அவசரத்தோடு இருபது வருடம் யோசித்து, 1956இல் கம்பெனி தொடங்கியது. அடுத்த மே மாதம் நேருவே வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார்.

ஜெர்மன் மெஷினுக்குச் சொந்த ஊரில் மெத்தென்ற மண் சாப்பிட்டே பழக்கம். இங்கே இலையில் விழுந்தது கடலூர் மணற்கல். வாளிப் பல்லெல்லாம் தேய்ந்தது. பல் போன பாட்டிக்கு முறுக்கை இடித்துக் கொடுப்பதுபோல, பாறையை வெடி வைத்து உடைத்து ஊட்டினார்கள். கரிக்கு அடியில் வேறொரு வில்லங்கம்: முட்டிக்கொண்டு நிற்கும் நிலத்தடி நீர். இறைக்காவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும். இரவு பகலாக இறைத்தார்கள். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் வந்தது. முதலியார் போர் போட்டுக் கேட்டது, கொஞ்சம் தாமதமாக.

அடுப்பு கட்ட ரஷ்யாக்காரர் கொடுத்த கடனுக்கு வட்டி வருடத்துக்கு இரண்டரை சதவீதம். எங்கள் பக்கத்துக் கந்துவட்டிக்காரர் கேட்டால் மயங்கி விழுவார். ரூபாயிலேயே கட்டலாம். அந்த ரூபாயை வைத்துத் தேயிலையும் முந்திரியும் வாங்கிக்கொண்டு போனார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகள் யாரும் பொதுவுடைமையைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

1962இல் 50 மெகாவாட்டோடு பற்றிய அடுப்பு, 1970இல் 600 ஆனது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. 1991இல் அடுப்பு கட்டிக் கொடுத்த சோவியத் நாடே கலைந்தது. அடுப்பு பாட்டுக்கு எரிந்தது. 2020 செப்டம்பரில்தான் அணைத்தார்கள். வயது 58. மத்திய அரசு ஊழியருக்கு 60. மாநில அரசு ஊழியருக்கு அந்த வருடம்தான் 59 ஆக்கியிருந்தார்கள். நெய்வேலியில் எத்தனையோ யூனியன். அடுப்புக்காகக் கொடி பிடிக்கத்தான் ஒன்று இல்லை.