நெட் வைத்தியர்

வீட்டில் இணையம் விட்டுவிட்டுப் போகிறது என்ற செய்தி வாசற்படியைத் தாண்டிய அரை மணி நேரத்துக்குள், அழைத்தோ அழைக்காமலோ வந்து சேர்ந்துவிடுகிறவரை நெட் வைத்தியர் என்று அழைப்பதே பொருத்தம். சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் தளத்துக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பிளாக்குக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. கேபிள்காரர் என்று மக்கள் சொல்லும் உள்ளூர் இணைய ஊழியரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது; அவர் கூப்பிட்டாலும் வராதவர், வந்தால் பணம் கேட்பவர்; வைத்தியரோ கூப்பிடாமலே வருபவர், காபி மட்டும் கேட்பவர், அதிலும் சர்க்கரை அரை ஸ்பூன் போதும் என்பவர். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவராகவும் இருப்பார், மென்பொருள் நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் இளைஞராகவும் இருப்பார் என்பதால் வயதும் படிப்பும் இவ்வினத்தை அடையாளம் காட்டுவதில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையும், அதற்குள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் பழைய கேபிள்களுமே அடையாளம்.

இவர் கையாளும் நோய் எத்தகையது என்று தெரிந்தால்தான் இவருடைய புகழுக்குக் காரணம் விளங்கும். ரௌட்டர் என்பது வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒரே இணைய இணைப்பைக் கணினி, தொலைக்காட்சி, கைபேசி எல்லாவற்றுக்கும் பங்கிட்டுத் தரும் சிறு பெட்டி. கைபேசிகள் தம் பங்கை வைஃபை என்னும் ரேடியோ அலை வழியாகப் பெற, மேசைக் கணினியும் தொலைக்காட்சியும் பல வீடுகளில் லேன் கேபிள் என்னும் கம்பி வழியாகப் பெறுகின்றன. அலையைவிடக் கம்பி உறுதியானது என்ற நம்பிக்கை பெரும்பாலும் சரியே. அந்தக் கம்பி இணைப்பு ஒரேயடியாகச் செத்துப்போனால் யார் வேண்டுமானாலும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். நாளுக்கு நாலைந்து முறை, பத்து விநாடி அறுந்து தானே ஒட்டிக்கொள்ளும் பழுதோ முறைக்காய்ச்சலைப் போன்றது. வைத்தியர் நாடி பிடிக்கும் நேரத்தில் உடம்பு சில்லென்று இருக்கும். தானே தீரும் நோய்க்கு எந்த மருந்தும் பலிக்கும் என்பதால், கடைசியாக இவர் எதைத் தொட்டாரோ அதுவே மருந்தாகிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், அந்தக் காக்கையைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்படுவது இவருடைய மருத்துவ முறை.

சிகிச்சை எப்போதும் ரௌட்டரை அணைத்து மறுபடி போடுவதில் தொடங்குகிறது. அணைத்ததும் போடக் கூடாது, முப்பது எண்ண வேண்டும் என்பது இவருடைய விதி. கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய இவர் எண்ணும்போது வீட்டார் ஏதோ மந்திரம் என்று எண்ணி மூச்சு விடாமல் நிற்பதுண்டு. சில பழுதுகள் இதனால் தீரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இணைப்பு எப்போது அறுந்தது, கேபிள் செருகும் எந்தத் துளையில் அறுந்தது என்ற குறிப்பைப் பல ரௌட்டர்கள் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. மின்சாரம் போனால் அந்தக் குறிப்பும் போய்விடும். துப்பறிய வந்தவரே தரையைத் துடைத்துவிட்டுக் கால்தடம் தேடுவதற்கு இது ஒப்பாகும்.

அடுத்து கணினியில் கறுப்புத் திரை திறக்கப்படும். பிங் என்பது ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று அளக்கும் சிறு நிரல். நீர்மூழ்கிக் கப்பலின் ஒலிமானி எழுப்பும் ஓசையின் பெயரை அதற்கு வைத்து 1983இல் எழுதியவர் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர். வைத்தியர் இந்நிரலைக் கொண்டு வெளியுலகிலுள்ள 8.8.8.8 என்ற முகவரியை மட்டுமே கூப்பிடுவார், வரிகள் மளமளவென்று ஓட, நடுவே ஒரு வரி பதிலில்லாமல் போனால், “பாத்தீங்களா சார், வெளியில லாஸ் இருக்கு. கம்பெனிக்காரன் மேலதான் தப்பு” என்று தீர்ப்பு வரும். அதே நேரத்தில் இன்னொரு திரையில் வீட்டு ரௌட்டரையே, அதாவது பெரும்பாலும் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ இருக்கும் முகவரியை, கூப்பிட்டுப் பார்த்தால் பாதி வழக்கு முடிந்துவிடும். நாலடி தள்ளியிருக்கும் ரௌட்டரே பதில் சொல்லவில்லையென்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். கம்பியில் படம் நின்ற அதே நொடியில் கைபேசியில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தால், வெளியிணைப்பும் நிரபராதி, ரௌட்டரின் மின்சார அடாப்டரும் ஏறக்குறைய நிரபராதி. இவ்வளவு எளிய சோதனையில் வைத்தியருக்கு நாட்டமில்லை. ரௌட்டரின் உட்பக்கத்துக்குள் நுழைந்து வைஃபை சேனலை மாற்றுவதில்தான் அவருக்கு நிறைவு. நோய் கம்பியில் இருக்க அலைக்கு மருந்து கொடுப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு, “எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கனெக்‌ஷன் சார்” என்ற விடை தயாராக இருக்கிறது.

கம்பியின் மேல் இவருக்குள்ள இந்த அலட்சியத்துக்கு அதன் பெயரும் ஓரளவு காரணமாக இருக்கலாம். இக்கம்பி முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். ஒளியைத் தாங்கிச் செல்வதாக 19ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் கற்பித்துக்கொண்ட ஈதர் என்னும் ஊடகத்தை 1887இல் மைக்கெல்சனும் மார்லியும் தேடிப் பார்த்து அதன் அறிகுறிகூடக் கிடைக்காமல் திரும்பினர். அந்தப் பெயரையே 1973இல் ராபர்ட் மெட்காஃப் தம்முடைய கணினி வலைக்குச் சூட்டினார். இல்லாத பொருளின் பெயரைத் தாங்கிய கம்பி அவ்வப்போது இல்லாமல் போவதில் ஒரு பெயர்ப்பொருத்தம் இருக்கவே செய்கிறது.

இவ்வினத்தை அதன் இயல்பான சூழலில் காண, கூடத்தில் ரௌட்டரும் படுக்கையறையில் தொலைக்காட்சியும் உள்ள வீடொன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பாட்டியின் சீரியல் முக்கியமான கட்டங்களில் நின்று சுழன்றுகொண்டிருந்தது. பத்து நாளில் வைத்தியர் மூன்று முறை வந்தார். ஒரு வருகையில் அடாப்டர், துளை, முகவரி அமைப்பு மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினார். ஒன்றை மாற்றி ஒரு நாள் காத்திருந்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும், மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதுவும் தெரியாது, ஆனால் வேலை நடந்தது போலத் தெரியும். பாட்டியோ தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், படம் நின்ற நேரங்களைப் பென்சிலால் எழுதி வந்தார்: 11.10, 1.25, 1.40, 7.05. மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை என்று கடிகாரம் பிசகாமல் அறுந்தால், ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் குறித்த காலத்துக்கு வாடகைக்கு விடும் முகவரியைப் புதுப்பிப்பதில் சிக்கல் என்று ஐயப்படலாம். பாட்டியின் தாளிலோ அப்படி எந்த ஒழுங்கும் இல்லை.

“அந்த ரூம் கதவைச் சாத்துறப்பதான் நிக்குது தம்பி” என்றார் பாட்டி.

“அதெல்லாம் இல்ல பாட்டிம்மா, இது ஐபி கான்ஃப்ளிக்ட்” என்றார் வைத்தியர். இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்கு உரிமை கொண்டாடும் தகராறுக்கு அப்படிப் பெயர். அந்த வீட்டில் அது நடக்கவில்லை.

நடந்தது இதுதான். கூடத்திலிருந்து வந்த கேபிள் படுக்கையறைக் கதவின் அடியில் நுழைந்து சென்றது. கதவு சாத்தும்போதெல்லாம் அது ஒரு நூலளவு இழுபட்டது. லேன் கேபிளின் முனையில் ஆர்ஜே 45 என்று வழங்கும் கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் செருகி இருக்கிறது. அதன் முதுகிலுள்ள சிறு நாக்கு, துளைக்குள் நுழைந்ததும் ‘க்ளிக்’ என்று தாழ்ப்பாளாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் செருகியில் நாக்கு ஒடிந்துபோயிருந்தது. ஒடிந்ததை வைத்தியர் முன்பே அறிவார், ஏனெனில் நாலாக மடித்த பேருந்து டிக்கெட்டை அதன் மேல் சொருகி ஆட்டத்தை நிறுத்தியவர் அவரே. கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக ஓடுகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு இணைகள் போதும், 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். தொடர்பு கண்ணிமைக்கும் நேரம் விட்டாலும், இரு முனைக் கருவிகளும் எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று புதிதாகப் பேரம் பேசி முடிக்கச் சில விநாடி ஆகும். அதன் பிறகு படம் மீண்டும் நிரம்பிக்கொள்ள வேண்டும். கதவு இழுத்தது இமைப்பொழுது, பாட்டி இழந்தது மாமியாரின் முழு வசனம்.

விடுமுறைக்கு வந்த பேரன் புதிய கேபிள் ஒன்றை வாங்கி, கதவின் அடியில் விடாமல் நிலைப்படியின் மேலாகக் கொண்டுபோய் ஆணியடித்துப் பொருத்திய பிறகு காலண்டர்த் தாளில் புதிய எண் எதுவும் ஏறவில்லை. நாலாம் நாள் வந்த வைத்தியர் இதைக் கேட்டு மகிழ்ந்து, தாம் போன வாரம் சேனல் மாற்றியது இப்போதுதான் பிடித்திருக்கிறது என்று விளக்கினார். அவர் பொய்யர் அல்லர். அதை அவர் மனமார நம்பினார். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறவர் அந்த பிளாக்கில் வேறு யாரும் இல்லை என்பதால், பாட்டியும் எதிர்த்துப் பேசாமல் காபியை நீட்டினார். வைத்தியர் டம்ளரை வைத்துவிட்டுக் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார். “இதையா தூக்கிப் போட்டீங்க? குடுங்க, எதுக்காவது ஆகும்” என்று பழைய கேபிளை எடுத்துச் சுருட்டினார். நாக்கு ஒடிந்த அந்தப் பத்து மீட்டர் கேபிள், பேருந்து டிக்கெட்டுடன், ‘ஸ்பேர்’ என்ற தகுதி பெற்று இப்போது இரண்டாம் தளத்து வீடொன்றில் வேலை செய்கிறது. அங்கேயும் நெட் விட்டுவிட்டுப் போவதாகக் கேள்வி.